மனநல வார்டில் வாரம் ஒருநாள் படம் வரைய வைக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், எப்படித் தொடங்கலாம்?

தக்கலை தூரிகை:

எல்லாருக்கும் வணக்கம். தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பகுதிநேர ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். நாகர்கோவிலில் ஒரு மனநல மருத்துவமனையிலிருந்து, உள்நோயாளிகளுக்குச் சனிக்கிழமை தோறும் மத்தியானம் வந்து படம் வரைய வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருவார்களாம். பெரும்பாலும் மனச்சிதைவு நோய் உள்ளவர்கள், இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் சிலர், குடியை நிறுத்த வந்தவர்கள் இரண்டொருவர். எனக்குப் போக ரொம்ப ஆசை. ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் பழக்கம். நோயோடு இருக்கிறவர்கள் பக்கத்தில் எப்படி உட்கார வேண்டும், என்ன பேச வேண்டும் என்று தெரியாததால் இங்கே கேட்கிறேன்.

முதல் சந்தேகம், இதற்கு 'கலை சிகிச்சை' என்று போர்டு வைக்கப்போகிறார்கள். நான் படித்தது டிராயிங், சிகிச்சை இல்லை. அந்தப் பெயருக்குக் கீழே நான் உட்காரலாமா?

அடுத்தது, அங்கே பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரு சைக்காலஜி மாணவர், "நீங்க வரைய மட்டும் வைங்க சார், யார் எந்தக் கலரை எடுக்கிறாங்கன்னு குறிச்சுக் கொடுத்தா போதும், மீதியை நாங்க பார்த்துக்கிறோம்" என்றார். கறுப்பு என்றால் மனச்சோர்வு, சிவப்பு என்றால் கோபம் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தார். எனக்கு அது மனதில் ஒட்டவே இல்லை. என் வகுப்பில் எப்போதும் கறுப்பு க்ரயான்தான் முதலில் தீரும், அவ்வளவு பிள்ளைகள் யானை வரைவார்கள்.

அப்புறம், அக்டோபர் 10 உலக மனநல நாள் வருகிறதே, அதற்குள் ஐம்பது படமாவது சேர்த்துக் கண்காட்சி வைத்து, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, வாங்குகிறவர்களுக்கு விற்கவும் செய்யலாம் என்று நிர்வாகத்தில் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். இருந்தாலும் வரைகிறவர்களிடம் கேட்டார்களா என்று கேட்டபோது பதில் வரவில்லை.

வார்டில் வேலை பார்த்தவர்கள், வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள், தாங்களே அங்கே இருந்துவிட்டு வந்தவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள். என்னென்ன பொருள் கொண்டு போகலாம் என்பதும் தெரிய வேண்டும்.

பழைய சிஸ்டர்:

தம்பி, தாராளமாகப் போங்கள். நான் நர்ஸாக ரொம்ப வருஷம் மனநல வார்டில் இருந்துவிட்டு ஓய்வுபெற்றவள். வார்டில் காலை மாத்திரைக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவிலும், சாப்பாட்டுக்கும் சாயங்கால டீக்கும் நடுவிலும் கிடக்கிற நேரம் இருக்கிறதே, அது எவ்வளவு நீளம் என்று உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் ஒருவர் வந்து முன்னால் தாளை வைக்கிறார் என்பதே பெரிய காரியம்.

முதலில் பொருள். கண்ணாடி எதுவும் வேண்டாம். தண்ணீருக்கு பிளாஸ்டிக் மக் போதும். பென்சில் கொண்டுபோனால் ஷார்ப்னர் வேண்டியிருக்கும், அதில் பிளேடு இருக்கும், அதனால் ஆரம்பத்தில் க்ரயானும் ஆயில் பேஸ்டலும் போஸ்டர் கலரும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கோல் தேவைப்பட்டால் நுனி மழுங்கியது, எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும், ஒன்று குறைந்தால் யாரும் எழுந்து போகக் கூடாது. எண்ணெய்ச் சாயம், டர்பன்டைன், தின்னர், ஒயிட்னர், வாடை தூக்கும் பசை ஒன்றும் உள்ளே போகக் கூடாது. குடியை நிறுத்த வந்தவர்கள் இருக்கிறார்கள் என்கிறீர்களே, அவர்களை நினைத்தும் சொல்கிறேன். நீளமான நூல், கயிறு இதுவும் வேண்டாம்.

அடுத்தது கை. புதிதாக வருகிறவர்களுக்கு இது தெரியாது. மனச்சிதைவுக்குக் கொடுக்கிற ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் மாதிரி மருந்து எடுப்பவர்களில் பலருக்குக் கை விறைக்கும், நடுங்கும். இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கிற லித்தியம் எடுப்பவர்களுக்கு விரல் மெல்ல ஆடும். நடுக்கத்துக்குக் கொடுக்கிற மாத்திரையால் வாய் வறளும், கிட்டத்தில் இருக்கிற எழுத்து மங்கலாகத் தெரியும். அந்தக் கையில் மெல்லிய பிரஷைக் கொடுத்து கோடு போடச் சொன்னால் அவருக்கு அழுகைதான் வரும். தடித்த க்ரயான், அகலமான பிரஷ், பெரிய சார்ட் பேப்பர் கொடுங்கள், தாளின் நாலு மூலையையும் டேப் போட்டு மேசையில் ஒட்டிவிடுங்கள். குடிக்கத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். அன்று காலையில் ஷாக் ட்ரீட்மெண்ட் எடுத்தவரைக் கூப்பிட வேண்டாம், அவருக்கு அன்றைக்கு நேற்றும் இன்றும் குழம்பிக் கிடக்கும்.

இப்போது அந்த கலர் பட்டியல் விஷயம். குலசேகரம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற ஆள். யாரோடும் பேச மாட்டார், கேட்டால் தலையாட்டுவதோடு சரி. படம் வரையும்போது தாள் முழுக்க மரம் வரைவார், ஒவ்வொரு மரத்திலும் சாய்வாக ஒரு வெட்டு, வெட்டுக்குக் கீழே கறுப்பாக ஒரு வட்டம். வெளியூரிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளை ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, 'தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் இருக்கலாம்' என்று ஃபைலில் எழுதிவிட்டாள். வெட்டு கையில் விழுந்த வெட்டாம், வட்டம் ரத்தம் தேங்குகிற இடமாம். நம் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள், வெட்டு பால் எடுக்கப் போடுகிற வெட்டு, வட்டம் பால் வடிந்து விழ மரத்தில் கட்டுகிற சிரட்டை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். இதே ஆள்தான், பக்கத்தில் இருந்த பையன் சும்மா பார்த்து வரைந்த மரத்தில் வெட்டு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, க்ரயானை அவன் கையிலிருந்து வாங்கி, இடதுபக்கம் மேலிருந்து வலதுபக்கம் கீழே இழுத்துக் காட்டி, "லேய், நீ வெட்டுன மாதிரி வெட்டுனா பாலு கொறஞ்சு போவும்" என்றார். வார்டில் அவர் குரலை அன்றைக்குத்தான் கேட்டோம். டாக்டர் அதை ஃபைலில் அப்படியே எழுதினார், பழைய குறிப்பையும் அடித்தார்.

அதனால் படத்தைப் பார்த்து நீங்களாக அர்த்தம் சொல்லாதீர்கள், அந்த மாணவருக்கு கலர் கணக்கும் எடுத்துக் கொடுக்காதீர்கள். "இதைப் பற்றிச் சொல்றீங்களா?" என்று கேளுங்கள், சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் விதிவிலக்கு. வரைந்துகொண்டே யாராவது சாவைப் பற்றி, தன்னை எதாவது செய்துகொள்வதைப் பற்றிப் பேசினாலோ எழுதினாலோ அந்த நிமிஷமே டியூட்டி சிஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும். முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தக்கலை தூரிகை:

சிஸ்டர், ரொம்ப நன்றி. மருந்தால் கை இப்படி ஆகும் என்பது எனக்குச் சுத்தமாகத் தெரியாது, மெல்லிய பிரஷ்களாகத்தான் எடுத்து வைத்திருந்தேன். இன்னொன்று கேட்கிறேன், தலைப்பு கொடுத்து வரையச் சொல்லலாமா? 'உங்கள் வீடு', 'உங்களைப் பயமுறுத்தியது' என்று நெட்டில் நிறையப் பயிற்சிகள் கிடக்கின்றன.

குளச்சல் அக்கா:

தம்பி, அந்த இரண்டாவது தலைப்பைக் கையாலும் தொடாதீர்கள். இதற்காகவே கணக்கு திறந்து எழுதுகிறேன்.

என் தம்பிக்கு மனச்சிதைவு. நாங்கள் கடற்கரைக்காரர்கள். முதலில் அவனைத் திருவனந்தபுரத்துக்குத்தான் கொண்டுபோனோம், இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் காலத்திலிருந்தே அதுதான் வழி. அங்கே மனநல மருத்துவமனை இருக்கிற இடம் ஊளம்பாறை, 'உன்னை ஊளம்பாறைக்குத்தான் கொண்டு போகணும்' என்று ஊரில் விளையாட்டாகத் திட்டுவார்களே, அந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டேதான் பஸ் ஏறினோம். இப்போது ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் காட்டி மாத்திரை வாங்குகிறோம், நன்றாக இருக்கிறான், வலை பின்னுகிறான்.

நடுவில் கொஞ்ச நாள் ஒரு தனியார் இல்லத்தில் இருந்தான். அங்கே படம் சொல்லிக்கொடுக்க வந்தவர், கடற்கரைப் பையன்தானே என்று, "கடல் வரை" என்றிருக்கிறார். சுனாமியில் எங்கள் வீட்டில் இழப்பு உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது அவனோடு தொழிலுக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. இது அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அவன் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அன்று ராத்திரி தூங்கவில்லை, அதற்கப்புறம் அந்த ரூமுக்குள்ளேயே போகவில்லை. வேறொரு இடத்தில் வேறொரு மிஸ் வந்தார்கள். நாலைந்து பொருளை மேசையில் வைப்பார்கள், ஒரு சிப்பி, ஒரு பூவன் பழம், தோவாளைச் சந்தையில் வாங்கின பூ ஒரு பொட்டலம், ஒரு பழைய டார்ச் லைட். "பிடிச்சதைப் பார்த்து வரைங்க, பிடிக்கலேன்னா கலரை மட்டும் பூசுங்க." அவ்வளவுதான். இவன் டார்ச் லைட்டை எடுத்தான். அதன் சுவிட்சு, கண்ணாடியில் இருந்த கீறல் வரைக்கும் வரைந்திருந்தான். அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அவனே அலமாரியில் ஒட்டினான்.

கண்காட்சி பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த இல்லத்தில் ஒரு விழா வைத்து, படங்களோடு இவர்களையும் வரிசையாக நிற்க வைத்து போட்டோ எடுத்து, அது பேப்பரில் வந்தது. பெயரும் ஊரும் போட்டு. எங்களைக் கேட்கவில்லை, அவனையும் கேட்கவில்லை. அந்தச் சமயத்தில் வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பிறகு அவர்கள் போனை எடுக்கவில்லை. அதைவிட எனக்குத் தாங்காதது, கடைத்தெருவில் ஒருவர் அந்தப் பேப்பரைக் காட்டி அவனிடமே "இது நீயாலே?" என்று கேட்டது. தயவுசெய்து இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் உறுதியாக நில்லுங்கள்.

மார்த்தாண்டம் சமூகப்பணி:

மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். அக்கா சொன்னதற்குச் சட்டமே துணை இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், சிகிச்சையில் இருக்கிறவரின் சம்மதம் இல்லாமல் அவருடைய போட்டோவையோ வேறு தகவலையோ ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. அதே சட்டத்தில், நோயாளியைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, வேலை செய்தால் அதற்கு உரிய ஊதியம் தர வேண்டும் என்றும் இருக்கிறது. படத்தை விற்றால் காசு யாருக்கு என்ற கேள்விக்கு இதை எடுத்துக் காட்டுங்கள். என்னைக் கேட்டால் படம் வரைந்தவருடையது. விற்பதா, சுவரில் மாட்டுவதா, கிழித்துப் போடுவதா, பெயர் போடுவதா வேண்டாமா, எல்லாம் அவர் முடிவு. சம்மதத்தை அட்மிஷன் பாரத்தோடு சேர்த்து வாங்குவதும் சரியில்லை. உடம்பு தேறி, என்ன கேட்கிறார்கள் என்று நிதானமாகப் புரிகிற நாளில், ஒவ்வொரு படத்துக்கும் தனியாகக் கேட்க வேண்டும். போன வாரம் சரி என்றவர் இந்த வாரம் வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும்.

போர்டு விஷயம். 'கலை சிகிச்சை' என்ற பேச்சைத் தொடங்கி வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். காசநோய்க்காக சானடோரியத்தில் படுத்திருந்தபோது படம் வரைவது தனக்கும் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் உதவுவதைப் பார்த்து, 1942-ல் அந்தப் பெயரை வைத்தார். மனநல மருத்துவமனைக்குள் இதைக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் ஆடம்சன், 1946-ல் இங்கிலாந்தில் நெதர்ன் மருத்துவமனையில். அவரும் உங்களைப் போல ஓவியர்தான், டாக்டர் இல்லை. சொல்லிக்கொடுக்காமல், அர்த்தம் சொல்லாமல், இடமும் பெயிண்டும் கொடுத்துக் கூட இருந்தார். அதே வருஷம் பிரேசிலில் நீசே ட சில்வெய்ரா என்ற மனநல மருத்துவர், ஷாக் கொடுக்கவும் மூளை அறுவைக்கு அனுப்பவும் மாட்டேன் என்று நின்றவர், ரியோ டி ஜெனிரோவில் தன் மருத்துவமனையில் ஓவியக் கூடம் திறந்தார். அங்கே வரைந்த படங்களுக்காக 1952-ல் ஒரு அருங்காட்சியகமே வந்தது. அந்தக் காலத்து ஷாக் வேறு, இன்றைக்கு மயக்க மருந்து இல்லாமல் கொடுப்பதை நம் சட்டமே தடுத்திருக்கிறது. அதனால் அந்தக் கதையைச் சொல்லி யாரும் டாக்டர் சொன்ன சிகிச்சையை நிறுத்திவிடக் கூடாது.

இன்று பிரிட்டனில் கலை சிகிச்சையாளர் என்று போட்டுக்கொள்ள அதற்கான மேல்படிப்பும் பதிவும் வேண்டும், சும்மா போட்டால் குற்றம். இங்கே அப்படிப் படித்தவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். உங்கள் நேரத்துக்கு 'ஓவிய நேரம்' என்று பெயர் வைக்கச் சொல்லுங்கள். யாரையும் ஏமாற்றாத பெயர், வருகிறவருக்கும் பயம் இருக்காது.

எதையும் மிகைப்படுத்திச் சொல்ல வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பிரிட்டனில் மனச்சிதைவு உள்ள 417 பேரை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்து 2012-ல் வெளியானது. சிலருக்கு வழக்கமான சிகிச்சையோடு வாரம் ஒருமுறை குழுவாகக் கலை சிகிச்சை, சிலருக்கு அதோடு வேறு குழு வேலைகள், சிலருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் நோய் அறிகுறியிலோ அன்றாடச் செயல்பாட்டிலோ கலை சிகிச்சைக் குழுவுக்குத் தனி லாபம் தெரியவில்லை. அந்தக் குழுவில் ஐந்தில் இரண்டு பேர் ஒரு தடவைகூட வரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம், பிரிட்டனின் சிகிச்சை வழிகாட்டுதலில், பேச்சு குறைந்து, எதிலும் நாட்டமில்லாமல் ஒடுங்கிப்போகிற நிலைக்குக் கலை சிகிச்சையை யோசிக்கலாம் என்று இருக்கிறது. ஆக, யாரும் பேசாமலே நோயாளியின் காதில் கேட்கிற குரல் படம் வரைந்தால் நின்றுவிடும் என்று எந்தக் குடும்பத்துக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. குரலுக்கு மாத்திரைதான். ஆனால் ஒருவர் கட்டிலை விட்டு எழுந்து வந்து மேசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கிறவரிடம் "அந்த நீலத்தைத் தாங்க" என்று கேட்பது சின்ன விஷயம் இல்லை, அதற்காக இதைச் செய்யலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: யார் வரலாம் என்று அவர் சொல்ல வேண்டும், ஒரு சிஸ்டரோ அட்டெண்டரோ கூடவே இருக்க வேண்டும், வர விருப்பமில்லாதவரை இழுத்துக்கொண்டு வரக் கூடாது.

வேளிமலை:

நான் உள்ளே இருந்தவன். இருமுனைக் கோளாறு, லித்தியம் எடுக்கிறேன், சிஸ்டர் சொன்ன விரல் ஆட்டம் எனக்கும் உண்டு.

சார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் பேசுகிற குரலை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். எங்களுக்கு ஒரு தடவை கார்ட்டூன் முயலுக்குக் கலர் அடிக்கிற புத்தகம் கொடுத்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் வடசேரியில் நகை வேலை செய்கிறவர், கோயில் நகைக்குக் கல் பதிக்கிற கை. அவர் அந்த முயலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அங்கே வருகிறவர்களில் கொத்தனார் இருப்பார், டீச்சர் இருப்பார், தினமும் வாசலில் கோலம் போட்ட அம்மா இருப்பார். கோலம் போட்டவர்களிடம் பெரிய கறுப்புத் தாளும் வெள்ளைச் சாக்பீஸும் கொடுத்துப் பாருங்கள், உங்களுக்கு அவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள்.

எதைக் கிறுக்கினாலும் "சூப்பர், அருமை" என்று சொல்லாதீர்கள், பொய் என்று எங்களுக்குத் தெரியும். "இந்தப் பச்சை எப்படி வந்துச்சு, ரெண்டு கலர் கலந்தீங்களா?" என்று கேட்டால் போதும், பார்த்திருக்கிறார் என்று புரியும். வரையாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறவரை விட்டுவிடுங்கள், மூன்றாவது வாரம் அவரே எடுப்பார், எடுக்காவிட்டாலும் வந்தாரே.

என்னைப் போல வேகத்தில், அதாவது இருமுனைக் கோளாறில் மனம் அளவுமீறிப் பொங்குகிற நிலையில், இருக்கிறவர்கள் வந்தால் கவனம். அந்த நிலையில் எனக்குத் தாள் போதாது, மேசை போதாது, சுவரெல்லாம் வேண்டும், நிறுத்தச் சொன்னால் கோபம் வரும். ஆரம்பத்திலேயே நேரத்தைச் சொல்லிவிடுங்கள், முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு தடவை ஞாபகப்படுத்துங்கள், ஒருவருக்கு இத்தனை தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் ஒரே அளவு என்றால் யாருக்கும் வருத்தம் இல்லை.

அப்புறம், வருவேன் என்று சொன்ன சனிக்கிழமை வந்துவிடுங்கள். வர முடியாவிட்டால் போன் பண்ணி வார்டில் சொல்லச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் ஒருநாள் வரவில்லை, அப்புறம் வரவே இல்லை, யாரும் ஏன் என்று சொல்லவில்லை. நாங்கள் என்ன தப்பு செய்தோம் என்று நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

தக்கலை தூரிகை:

எல்லாருடையதையும் இரண்டு தடவை படித்துவிட்டேன். டாக்டரிடம் நாளைக்குப் பேசுகிறேன். பெயர் 'ஓவிய நேரம்', கலர் கணக்கு எடுத்துக் கொடுக்க மாட்டேன், கூட ஒரு சிஸ்டர் வேண்டும், இது மூன்றும் கண்டிப்பாகச் சொல்லப்போகிறேன். கண்காட்சி இந்த வருஷம் வேண்டாம் என்றும், அப்படியே வைத்தாலும் வரைந்தவர் சரி என்ற படம் மட்டும், ஊர் பேர் போட்டோ இல்லாமல், காசு அவர் கைக்கு என்றும் சொல்வேன். ஒத்துக்கொண்டால் இந்தச் சனிக்கிழமையே தொடக்கம். குளச்சல் அக்கா, உங்கள் தம்பிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். மேசையில் பொருள் வைக்கிற யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், கடற்கரைச் சாமான் எதுவும் இல்லாமல்.

சிஸ்டர், கடைசியாக ஒன்று. முடிந்தபிறகு படங்களை எங்கே வைப்பது, நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வரலாமா?

பழைய சிஸ்டர்:

வீட்டுக்கு வேண்டாம் தம்பி. ஆளுக்கு ஒரு அட்டை ஃபைல் வாங்குங்கள், வெளியே அவர்களையே ஒரு அடையாளம் வரையச் சொல்லுங்கள், பெயர் எழுத வேண்டியதில்லை. வார்டு அலமாரியில் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டு, டிஸ்சார்ஜ் ஆகும் அன்று அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்று சிஸ்டர்மாரிடம் இப்போதே பேசி வையுங்கள். பழைய பேப்பர் ஒரு கட்டு கொண்டு போங்கள், உங்களுக்குச் சாப்பாட்டு மேசையைத்தான் கொடுப்பார்கள், டீ வருவதற்குள் துடைத்துக் கொடுக்க வேண்டும்.